எம்மக எடைக்கு வெல்லம்

சன்னல் பக்கம் நீயே ஒக்காந்துக்க தாயி. நான் இந்த ஓரத்துல ஒண்டிக்கிறேன். கூச்சப்படாத, நீ இருக்குற ஆகிருதிக்கு ஓரத்துல ஒக்காந்தா போறவன் வாறவன் அம்புட்டுப் பேரும் இடிச்சுக்கிட்டுத்தான் போவான். கோவிச்சுக்கிட்டியா? இந்தா, உள்ளதச் சொன்னா மூஞ்சி சுருங்குதுல்ல, இதே மூஞ்சிதான் எம்மகளுக்கும். நான் மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசமாட்டேன். நல்லதுக்குத்தான் சொல்லுவேன். ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? இன்னும் இல்லையா. அப்ப அந்தக் கடலை மிட்டாயைப் பைக்குள்ள வை.

எங்க கொலசாமி கோயிலுக்குப் போறேன். சேந்தநத்தத்துக்கு ரோடு பிரியிற விலக்குல எறங்கணும். இன்னைக்கு அங்க எம்மகளுக்குத் துலாபாரம். தராசுல ஒரு தட்டுல ஆளை ஒக்கார வச்சு, மறு தட்டுல அவ எடைக்கு எடை நேந்துக்கிட்ட பொருளை வைப்பாகல்ல, அதேதான். எங்களுக்கு மண்டவெல்லம். மூணு வருசமா எங்கூடப் பேச்சுவார்த்தை கெடையாது எம்மகளுக்கு. கல்யாணம் முடிஞ்சு போனவ வீட்டு வாசப்படிய மிதிக்கல. இப்ப முழுகாம இருக்கா, ஏழு மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்லதான பாக்கணும்? அதுதான ஒலக வழக்கம்? இவ என்ன சொல்றான்னா, இன்னைக்குக் கோயில்ல நான் எப்படி நடந்துக்கிறேன்னு பாத்துட்டுத்தான் வருவாளா மாட்டாளான்னு முடிவு பண்ணுவாளாம். பெத்தவளுக்குப் பரீட்சை வைக்கிறா. நானும் வாயப் பொத்திக்கிட்டுப் போறேன், என்ன செய்ய.

எல்லாம் அந்த ஜிம்மு செஞ்ச வேலை. நீ போறியா ஜிம்முக்கு? இல்லையா? அது பாத்தாலே தெரியுது. போகவும் வேணாம். போனவளுக என்னத்தக் கண்டாளுக. நான் கூடவே ஒக்காந்து பாத்தவ, எங்கிட்டக் கேளு.

அவ பேரு கார்த்தீஸ்வரி. கைப்புள்ளையா இருக்கயில மூளைக்காச்சல் வந்து, டாக்டரு கையை விரிச்சுட்டாரு. நான் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே விழுந்து கெடந்தேன். ஆத்தா, எம்புள்ள உசுரக் குடுத்துரு, அவ கல்யாணத்துக்குள்ள அவ எடைக்கு எடை வெல்லம் தாரேன், ஊருக்கே பொங்க வைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். குடுத்துருச்சு. அன்னைக்கு நான் அழுத அழுகை இந்த ஜென்மத்துல எவளும் அழுதிருக்க மாட்டா. இதெல்லாம் இப்ப அவளுக்கு எங்க தெரியுது.

எங்க வீட்டுக்காரரு உரக்கடை வச்சிருக்காரு. அந்த மனுசன், புள்ள தேறுன கையோட துலாபாரத்தப் போட்டுரலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். காச்சல்ல கெடந்து குச்சியா இருக்கா. அவளத் தூக்கித் தட்டுல வச்சா சாக்குல கட்டுன ஒரு சிப்பம் வெல்லங்கூடப் புடிக்காது. உரக்கடைக்காரன் பொண்டாட்டி கருமி, இம்புட்டுக்காணு வெல்லத்துல சாமிய ஏமாத்திட்டான்னு ஊரு பேசாது? கொஞ்சம் உடம்பத் தேத்திட்டுப் போடுவோம்னு ஊட்டுனேன் பாரு, அப்படி ஊட்டுனேன். நெய்யி, முட்டை, பாலாடை, உளுந்தங்களி. வாயத் தொறக்கலைன்னா மூக்கப் புடிச்சு ஊட்டுனேன். புள்ளையும் பூசுனாப்ல ஆனா. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு நான் பாத்துக்கிட்டே இருக்கயில, ஒரு தீவாளிக்கு வந்த எங்க மதினி, என்ன இது கோயிலுக்கு நேந்துவிட்ட கெடா மாதிரி வளத்து வச்சிருக்கன்னுட்டா. அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. அன்னையோட நெய்ய நிப்பாட்டிட்டேன். அந்தப் புள்ளை தட்ட ஏந்திக்கிட்டு எம் பின்னாலயே வரும், நெய் ஊத்தும்மா ஊத்தும்மான்னு. யாரு பழக்கி விட்டாகளோ தெரியல, தீனின்னா அப்படி ஒரு ஆசை.

அப்புறம் வயசுக்கு வந்தா, காலேசுக்குப் போனா, ரத்தம் டெஸ்ட் எடுக்குற லேப்ல வேலைக்குச் சேந்தா. அந்த உடம்போட நாலு சனத்துக்கு முன்னால தராசுல ஏத்த எனக்கு மனசு வருமா? எளைக்கட்டும் எளைக்கட்டும்னு நானும் தள்ளிப் போட்டேன். அவ அப்பாரு மட்டும் வருசா வருசம் பொங்கலுக்கு ஒருக்கா ஞாபகப்படுத்துவாரு. பேசாம யூரியாவ நிறுத்து வித்துட்டு இருங்க, எம்மக எடை எனக்குத் தெரியும்னுவேன்.

மாப்ள வீட்டுக்காரக வந்து பாத்தாக. மாப்ள பேரு தினகரன், மதுரையில கரண்டு ஆபீஸ்ல வேலை. அவுக அம்மா தமயந்தின்னு. அந்தம்மா ஒக்காந்தா ரெண்டு சேரு போடணும். அவுக எம்மகள மேலயும் கீழயும் பாத்துட்டு, பொண்ணு நல்லா நெறைவா லட்சணமா இருக்குன்னாக. நெறைவான்னா என்ன அர்த்தம்? நீயே சொல்லு. குண்டுன்னு நேராச் சொன்னா அசிங்கம்னு சுத்தி வளைச்சுச் சொல்றாக. எனக்கு அன்னைக்கு ராப்பூராவும் தூக்கமில்ல. அதுக்கு மேல ஒண்ணு, எங்க வீட்டுக்காரரு சும்மா இருக்க மாட்டாம துலாபாரம் நேந்த கதைய எடுத்து விட்டுட்டாரு. அந்தம்மாவுக்கு ஒரே சந்தோசம். கல்யாணத்துக்கு முன்னால வைங்க, எங்க பங்காளி வீடு அம்புட்டும் கூட்டிக்கிட்டு வாரோம்னுட்டாக. எதுக்கு வாராக? எடையப் பாக்கத்தான. எனக்குத் தெரியாதா.

அதான் ஜிம்முல சேத்தேன். எங்க ஊர்ல புதுசாத் தொறந்த ஜவுளிக்கடைக்கு மாடியில. காலையில பொம்பளைகளுக்குன்னு தனி நேரம். கார்த்திய நம்பி அனுப்ப முடியாதுன்னு நானும் கூடவே போயி, கண்ணாடி ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு ஒக்காந்துக்குவேன்.

அங்க வாறவளுகளப் பாக்கணுமே நீ. ஜவுளிக்கடைக்காரர் மருமக ஒருத்தி, ஓடுற மெசினுல ஏறிக்கிட்டு, காதுல எதையோ மாட்டிக்கிட்டு, அவ மாமியாளப் பத்தி அவ அக்காகிட்டப் பேசிக்கிட்டே நடப்பா. மெசினும் ஓடும் வாயும் ஓடும், உடம்பு அப்படியே கெடக்கும். ஒரு டீச்சரு. எடை மெசினுல ஏறுறதுக்கு முன்னால வளையலக் கழட்டுவா, தோட்டக் கழட்டுவா, கொண்டை ஊசியக் கூட உருவிருவா. ஏறிப் பாத்துட்டு எறங்கி, பாத்ரூம் போயிட்டு வந்து திரும்பி ஏறுவா. பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தாறவ இவ. இன்னொருத்தி கண்ணாடி முன்னால வயித்த எக்கிக்கிட்டு போட்டோ புடிப்பா. எடுத்து முடிச்சு மூச்ச விட்டா வயிறு வெளிய வந்துரும். அந்தப் போட்டோவத்தான் நாலு பேரு பாத்து அழகா இருக்கன்னு எழுதுவாகளாம். ஒரு சின்னப் பொண்ணு, இப்பத்தான் புள்ள பெத்தவ, ஆளே மாறிட்டன்னு புருசன் சொன்னானாம். அழுதுக்கிட்டே குதிக்கிறா. எனக்குப் பாவமாப் போச்சு. பக்கத்துல கூப்புட்டு, ஏத்தா, அழுதா எளைக்காது, வாயக் கட்டுன்னு சொன்னேன். மறுநாளுல இருந்து வரல அவ. இந்தக் காலத்துல யாருக்கு நல்லது சொல்ல முடியுது.

என்னைய ஏன் அப்படிப் பாக்குற? எனக்கு இருக்குறது வாயு. பெத்த வயிறு வேற, தின்ன வயிறு வேற. எம் எடைய நான் எதுக்குப் பாக்கணும், என்னைய யாரு பொண்ணு பாக்க வரப் போறா?

அங்க சொல்லிக் குடுக்குறவ ரோஸ்லின்னு ஒருத்தி. தூத்துக்குடிப் பக்கம். தோளப் பாத்தா ஆம்பள தோளு. வந்த மொத நாளே கார்த்தியக் கண்ணாடிக்கு முன்னால நிக்க வச்சு, ஒனக்கு உடம்புல எது புடிக்கும்னு கேக்குறா. கேள்வியப் பாத்தியா? எது புடிக்காதுன்னு கேட்டா நான் பதில் சொல்லிருப்பேன். எம்மக திருதிருன்னு முழிச்சுட்டு, ஒண்ணும் இல்ல மேடம்னா. அப்புறம் அந்த ரோஸ்லின் என்ன செஞ்சா, ஓடுற மெசினுல ஏத்தாம, ரெண்டு பக்கமும் இரும்புச் சக்கரம் மாட்டுன கம்பியக் காட்டி, குனிஞ்சு தூக்குன்னா. இவ தூக்கிப்புட்டா. இன்னும் ரெண்டு சக்கரம் மாட்டுனா. அதையும் தூக்கிப்புட்டா. அங்க இருந்த பொம்பளைக அம்புட்டும் மெசின நிப்பாட்டிட்டுக் கை தட்டுறாளுக.

அன்னைக்கு எம்மக சிரிச்சா பாரு. அந்தச் சிரிப்ப நான் வீட்டுல ஒரு நாளும் பாத்ததில்ல. எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. எளைக்கச் சொல்லி அனுப்புனா மூட்டை தூக்கப் பழகுறாளேன்னு. அந்த ரோஸ்லின்கிட்டப் போயி, ஏம்மா, எடை எப்பக் கொறையும்னேன். எடை கெடக்கட்டும் ஆன்ட்டி, பலம் எப்படி ஏறுது பாருங்கங்குறா. பலத்த வச்சு என்ன செய்யிறது? தண்ணி லாரியக் கட்டி இழுக்கவா போறா? கல்யாணத்துக்கு நிக்கிற புள்ளைகிட்டப் பலத்த யாரு கேக்குறா?

கார்த்தி என்னடான்னா ஆளே மாறிட்டா. வெள்ளனா எந்திரிச்சுக் கெளம்பி வாசல்ல நிப்பா, சீக்கிரம் வாம்மான்னு. லேப்ல இருந்து வந்ததும் முட்டைய அவிச்சுத் திம்பா. கேட்டா ரோஸ்லின் மேடம் சொன்னாகங்குறா. குனிஞ்சு குனிஞ்சு நடந்த புள்ள, நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்க ஆரம்பிச்சா. நான் என்ன சொன்னாலும் ஒறைக்கல. இந்தச் சுடிதாருல நீ தண்ணிப்பானை மாதிரி இருக்கன்னு சொன்னா, முன்னெல்லாம் போயி மாத்திட்டு வருவா. இப்ப, இருந்தா இருந்துட்டுப் போறேம்மான்னு சொல்லிட்டுப் போறா. கல்யாண ஜாக்கெட்டுக்கு முன்னாலயே அளவு குடுத்திருந்தோம். தச்சு வந்தத மாட்டிப் பாத்தா, கை ஏறல. டெய்லரு எங்கிட்ட, அக்கா, பொண்ணு எதுவும் லோடு எறக்குதான்னு கேக்குறான். எம்புட்டு அவமானம் எனக்கு. அன்னையோட ஜிம்ம நிப்பாட்டிட்டேன். கல்யாணப் பொண்ணு வெளிய திரியக் கூடாதுன்னு சொன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா, ஆனா எதுத்துப் பேசல. இத நான் சொல்லித்தான் ஆகணும், அது வரைக்கும் எதுத்துப் பேசுன புள்ள கெடையாது.

துலாபாரத்துக்கு நாள் நெருங்கிருச்சு. எடை எறங்குன பாடில்ல. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. சோத்தத் திங்காதன்னு சொன்னாத்தான கேக்க மாட்டா, சாமி பேரச் சொன்னாக் கேப்பாள்ல? அவளுக்கு அந்த ஆத்தா மேல உசுரு. தட்டுல ஏறுறவ விரதம் இருக்கணும்டி, கொள்ளுக்கஞ்சி தவிர வேற எதுவும் பல்லுல படக் கூடாதுன்னேன். மறுபேச்சு பேசாம இருந்தா. பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. லேப்ல மயக்கமா வந்துச்சுன்னு கூட வேலை பாக்குற புள்ள வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். தட்டுல ஏறுறதுக்கு மொத நாளு பேதிக்கும் குடுத்தேன், வயிறு சுத்தமா இருந்தாத்தான் சாமிக்கு ஆகும்னு. அதையும் வாங்கிக் குடிச்சா. நான் என்ன வெசத்தையா குடுத்தேன்? எல்லா வீட்லயும் குடுக்குறதுதான.

வெல்லம் வாங்குறதையும் அவ அப்பாருகிட்ட விடல. அவரு பயந்த மனுசன், அளவுக்கு மேல வாங்கி அடுக்கிருவாரு. பாக்குறவுக என்ன நெனைப்பாக, பொண்ணு இம்புட்டு எடையான்னு நெனைக்க மாட்டாக? நானே மண்டிக்குப் போயி, ஒரு பொண்ணு என்ன எடை இருந்தா அழகோ, அந்த எடைக்கு வாங்கியாந்தேன்.

சிரிக்கிறியா? சிரி. அன்னைக்குக் கோயில்ல கூட்டம் அம்புட்டும் சிரிச்சுச்சு.

மாப்ள வீட்டுச் சனம் ஒரு வேன் நெறைய வந்து எறங்குச்சு. தராச மாலை போட்டுச் சோடிச்சிருந்தாக. கார்த்தி பட்டுச்சேலை கட்டி, ஈரத்தலையோட வந்து தட்டுல சம்மணம் போட்டு ஒக்காந்தா. ஒதடு காஞ்சு வெளுத்துக் கெடக்கு. நேந்துக்கிட்டவ கையாலதான் மொதக் கட்டி வைக்கணும்னு எங்க கோயில் வழக்கம். நான் வச்சேன், கொலவை போட்டாக. ஒவ்வொரு சிப்பமா ஏத்துறோம். ஏத்துறோம், ஏத்துறோம், அவ தட்டு தரைய விட்டுக் கெளம்பல. கொண்டு போன வெல்லம் அம்புட்டும் தீந்துருச்சு. அப்பயும் கெளம்பல. பின்னால எவளோ கெக்கெக்கேன்னு சிரிச்சா. எனக்கு அப்படியே நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. நகையக் கழட்டுடின்னேன் மெதுவா. கழட்டிக் குடுத்தா. மாலையக் கழட்டுன்னேன். கழட்டுனா. ஒண்ணும் ஆகல. நான் என்ன செஞ்சேன், முந்தானைய மறைச்சுக்கிட்டு வெல்லத்தட்டு மேல கைய வச்சு ஒரு அமுக்கு அமுக்குனேன். அந்தப் பூசாரிக்கு வேற எங்கயும் கண்ணு போகல போல. ஆத்தா, கைய எடுன்னுட்டாரு, அம்புட்டுச் சனத்துக்கும் கேக்குறாப்ல.

அவ அப்பாரு இன்னும் வெல்லம் வாங்கியாறேன்னு வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு. இவ தட்டுலயே ஒக்காந்திருக்கா. எறங்கக் கூடாதுல்ல. அப்ப அந்தத் தமயந்தியம்மா ஒரு வாழைப்பழத்த உரிச்சுக்கிட்டு வந்து, புள்ள மயங்குதே, இதத் தின்னு தாயின்னாக. நான் தடுத்தேன், விரதம்னேன். பூசாரி திரும்பிப் பாத்து, என்ன விரதம், இதுக்கு ஏது விரதம், வயிறு நெறையச் சாப்புட்டு வந்து ஒக்காரணும்னுல்ல சொல்லுவோம், வெறும் வயித்தோட ஒக்காந்தா ஆத்தாளுக்கே கொறையாச்சேங்குறாரு. அந்த ஆளு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

கார்த்தி என்னையப் பாத்தா. கோவமாப் பாத்தாக்கூடப் பரவாயில்ல. சின்னப் புள்ளையில காச்சல்ல கெடந்தப்ப எப்படிப் பாத்தாளோ, அப்படிப் பாத்தா. பாத்துட்டு மெதுவாக் கேட்டா.

"அம்மா, நான் சாகக் கெடந்தப்ப நீ ஆத்தாகிட்ட என்ன கேட்ட?"

"உன் உசுரத்தான்டி கேட்டேன்."

"அதக் குடுத்துருச்சுல்ல?"

ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. மானம் போயிக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல நிறுத்தி நெதானமாக் கேள்வி கேட்டா எவளுக்குத்தான் ஆத்திரம் வராது? நான் சொன்னேன்.

"குடுத்துச்சு. அதுக்காக இம்புட்டா குடுக்கும்?"

இம்புட்டுத்தான் தாயி நான் சொன்னது. சத்தியமா இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. வாயில வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டு இருந்த சனம் அம்புட்டும் என்னையத் திரும்பிப் பாத்துச்சு.

அவ தட்ட விட்டு எறங்குனா. அந்தம்மா கையில இருந்த பழத்த வாங்கி, நின்ன எடத்துலயே தின்னா. அப்புறம் வெல்லத்தட்டுக்குப் போயி, ஒரு சிப்பத்தத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா. பட்டுச்சேலையோட. பொங்க வைக்கிற எடத்துல கொண்டு போயி எறக்கிட்டு வந்து அடுத்ததத் தூக்குனா. மாப்ள ஓடி வந்து ஒத்தாசை பண்ண, அவரு ஒண்ணத் தூக்குறதுக்குள்ள இவ ரெண்டு எறக்கிட்டா. அந்தாளும் வெக்கமில்லாம அவளப் பாத்துச் சிரிக்கிறாரு. மாமியாக்காரி என்னன்னா, எம் மருமக பலசாலின்னு பக்கத்துல இருக்குறவுககிட்டப் பெருமை பேசுறாக. நான் ஒருத்திதான் அங்க தலை குனிஞ்சு நின்னேன். அவ அப்பாரு வெல்லத்தோட திரும்பி வந்தப்ப, தட்டுல ஆளும் இல்ல, எதுக்க வெல்லமும் இல்ல. நேத்திக்கடன் பாதியில நின்னு போச்சு.

கல்யாணம் நடந்துச்சு. அவ என்னைய நேரா நிமிந்து பாக்கல. தாரை வாக்கயில கூட அவ அப்பா மூஞ்சியத்தான் பாத்தா. மறுவீட்டுக்கு வரல. அவரு மட்டும் மாசம் ஒருக்கா மதுரைக்குப் போயிப் பாத்துட்டு, அவ கையால ஆக்குனத வயிறு முட்டத் தின்னுட்டு வருவாரு. என்ன சொன்னான்னு கேட்டா, நல்லா இருக்காம்பாரு. அதுக்கு மேல வாயத் தொறந்தா முத்து உதிந்துரும். அங்கயும் ஏதோ ஜிம்முல போயித் தூக்குறாளாம். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பொம்பளைகளுக்குச் சொல்லிக் குடுக்கவும் செய்யுறாளாம். நான் பெத்து வளத்தது இதுக்குத்தான்.

இப்பக் கூப்புட்டது கூட அவளா ஆசைப்பட்டு இல்ல. அவ மாமியா சொல்லிருக்காக, பாக்கி நேத்திக்கடன வச்சுக்கிட்டுப் பிரசவத்துக்குப் போகக் கூடாது, செலுத்திருவோம்னு. நேந்துக்கிட்டவ வந்து மொதக் கட்டி வைக்காம நடக்காதே. அதான் போனு வந்துச்சு. மூணு வருசம் கழிச்சு எம்மக கொரல். எப்படி இருக்கன்னு கேக்கல. நேரா விசயத்துக்கு வந்தா.

"வந்து ஒன் கையால வை. தட்டு ஏறுற வரைக்கும் வை. ஆனா என் உடம்பப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கூடுச்சுன்னும் சொல்லாத, கொறஞ்சுச்சுன்னும் சொல்லாத. பேசாம இருந்தா அன்னைக்கே ஒங்கூட வீட்டுக்கு வாரேன். பேசுனா, இங்கயே பெத்துக்கிறேன்."

நான் சரின்னேன். சரிடி கண்ணுன்னேன். போன வச்ச பெறகு நெனைச்சுப் பாத்தா எனக்குச் சிரிப்பா வருது, நான் என்னைக்கு அவ உடம்பப் பத்திப் பேசிருக்கேன்? நல்லது கெட்டது எடுத்துச் சொல்லிருக்கேன். பெத்தவ சொல்லாம ரோட்டுல போறவளா சொல்லுவா? சரி, பேசல. இன்னைக்கு ஒரு நாளு வாயத் தைச்சுக்கிறேன். வீட்ல அவளுக்குன்னு கீழ் ரூம வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். தொட்டிக் கம்பி வாங்கியாச்சு. பெருங்காயம், சுக்கு, பூண்டு எல்லாம் இடிச்சு வச்சாச்சு. வெல்லத்த அவரு நேத்தே வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. ஏழு மாச வயித்தோட தராசுல ஏறப்போறா. ரெண்டு உசுரு எடை. வைக்க வைக்க ஏறவே ஏறாது பாத்துக்க. அம்புட்டுச் சனமும் வேடிக்கை பாக்கும். நான் கல்லு மாதிரி நின்னு வச்சுக்கிட்டே இருக்கணும். இருப்பேன். எனக்கு எம்மக வீட்டுக்கு வரணும். அந்த ரூமுல அவ படுத்திருக்கணும், பச்சைப்புள்ள அழுகுற சத்தம் எங்க வீட்டுக்குள்ள கேக்கணும், அம்புட்டுத்தான்.

விலக்கு வந்துருச்சா? கண்டக்டரு, நிப்பாட்டு நிப்பாட்டு, ஆளு எறங்கணும். ஏத்தா, கொஞ்சம் சாஞ்சுக்க, சன்னல் வழியாப் பாத்துக்கிறேன். அந்தா, புளியமரத்தடியில நிக்கிறது மாப்ளதான. பக்கத்துல பச்சைச் சேலை. ஆமா, அவதான். அவளே வந்திருக்கா. என்னையக் கூப்புட அவளே விலக்கு வரைக்கும் வந்திருக்கா தாயி. கையத் தூக்குறா பாரு, நம்மளப் பாத்துட்டா.

ஏன்டி கார்த்தி, என்னடி இது, இப்படி எளைச்சுத் துரும்பாப் போயி நிக்கிற? ஒன் மாமியா ஒனக்குச் சோறு போடுறாளா இல்லையா? கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சேடி.

ஏன் தாயி, கைய எறக்கிட்டா? மூஞ்சிய ஏன் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா? மாப்ளகிட்ட என்னமோ சொல்றா, வண்டிய எதுக்கு எடுக்குறாரு? நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த. எளைச்சுப் போயிட்டன்னுதான சொன்னேன்?